நீல டிரம்மில் நான் வாசிக்காத ஆங்கிலம்

இந்த மாலை நிகழ்வுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் தெருநலச் சங்கத் தலைவர் ஐயா செங்கல்வராயன் அவர்களே! பட்டாபிராமிலிருந்தும் நெமிலிச்சேரியிலிருந்தும் வந்து முன்வரிசையை மாண்புறச் செய்திருக்கும் பெரியோர்களே! ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வந்து நிற்கும் தந்தையரே! லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடத்தைப் போட்டுவிட்டு, இடம் பறிபோகுமோ என்ற பதைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மணலில் சம்மணமிட்டிருக்கும் என் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் ஆசிரியை சாமுண்டீஸ்வரியின் கைகள் குவிந்த வணக்கம்!

நான் கொண்டுவந்திருப்பது வாழ்த்துரை அல்ல. ஒரு குற்றத்தின் சேதி.

"மைக்கக் கிட்ட வச்சிக்கோ டீச்சர், ஒண்ணியும் கேக்கல" என்கிறார் பின்வரிசை அண்ணன். வைத்துக்கொண்டேன் அண்ணே. உரக்கவே சொல்கிறேன். என் குற்றத்தை நான் முணுமுணுக்கக் கூடாது.

இந்தப் பள்ளியில் இன்று ஆங்கில வாசிப்பு அறையைத் திறக்கிறோம். ஏன் திறக்கிறோம்? எவர் கேட்டுத் திறக்கிறோம்? சென்ற ஆண்டு, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு சித்திரையில், ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி என் பிரம்புக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாளே, அவளுக்காகத் திறக்கிறோம்!

அவள் பெயர் குல்ஷன். ஸ்டேஷன் வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஹபிபுல்லா பாயின் மகள். கடையில் கிழித்துப் போட்ட பிஸ்கட் கவர், சோப்பு கவர் எல்லாம் அவள் பைக்குள் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்துக் கூட்டி, தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வாசிப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாடத்தை விட்டுட்டுக் குப்பையையா படிக்கிறே?" என்று அத்தனையையும் பிடுங்கிக் கிழித்தேன். அன்றோடு அவள் வாய் மூடியது. வாசிக்கச் சொன்னால் திக்கினாள், திணறினாள், தேம்பினாள்.

அதே வகுப்பில் வசந்தகுமாரி. முழுப் பாடத்தையும் பார்க்காமல் ஒப்பிப்பாள். என் பெருமை அவள்! ஒரு சொல்லுக்காவது பொருள் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் என் சாயம் வெளுத்துவிடுமே! நானும் அப்படி மனப்பாடம் செய்து தேறியவள்தானே!

அந்தச் சித்திரையில் பள்ளிக் குழாய் வறண்டது. வாரம் இருமுறை லாரி. பிடித்துவைக்கப் பாத்திரம் வேண்டாமா? நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். காயலாங்கடையில் கம்பெனி டிரம் ஒன்று வாங்கினேன். நீல நிறம், நல்ல கனம். புளியும் சோப்பும் போட்டு மூன்று முறை கழுவினேன். தாழ்வாரத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பினேன்.

டிரம்மின் வயிற்றில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில். நான் ஆங்கில ஆசிரியை. வாசித்தேனா? வாசிக்கவில்லை! தெரியாமல் இல்லை தாய்மார்களே, தோன்றாமல்! ஆங்கிலம் என்றால் புத்தகம், ஆங்கிலம் என்றால் பரீட்சை என்று பழகிய கண்ணுக்கு, டிரம்மில் இருந்தது ஆங்கிலமாகவே படவில்லை.

முதல் நாள். வசந்தகுமாரி தட்டாமல் தடுமாறாமல் ஒப்பித்தாள். பரிசாக என் கையாலேயே முதல் டம்ளர் தண்ணீரை மொண்டு கொடுத்தேன். குடித்தாள். அடுத்து குல்ஷன். திக்கினாள். "போ, வெளியே போய் நில்லு" என்று டிரம்மைப் பார்க்க நிறுத்தினேன்.

அரைமணி கழித்து மணி அடித்தது. பிள்ளைகள் தாகத்தோடு ஓடினார்கள். டம்ளரைக் காணோம். டிரம்மை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள் குல்ஷன்; டம்ளர் அவள் பாவாடைக்குள். எனக்குத் தலைக்கேறியது கோபம். பிரம்பை ஓங்கினேன்.

"அடிக்காதீங்க டீச்சர்! டிரம்முல எழுதிக்கீது டீச்சர்!"

கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்காமலே சொன்னாள். "பி... ஓ... ஐ... எஸ்... ஓ... என். பாய்சன். அப்டின்னா விஷம்தானே டீச்சர்? எங்க கடை எலி மருந்து டப்பாலயும் அதான் போட்டுக்கீது."

என் கையிலிருந்து பிரம்பு விழுந்தது. என் கண் போனது தாளின் மேல் அல்ல, வசந்தகுமாரியின் மேல். அவள் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பறந்த அந்த ஆட்டோவில் நான் பட்ட பயம் என் பகையாளிக்கும் வேண்டாம்! மடியில் துவளும் பிள்ளை. பக்கத்தில், சேதி கேட்டு ஓடிவந்த அவள் தாய் லோகநாயகி. "இன்னா குடுத்தே டீச்சர் எம் பொண்ணுக்கு?" என்று கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே கேட்டார்: "டிரம்மில் என்ன இருந்தது?" தாளை வாசிக்காதவளுக்கு என்ன தெரியும்! உடன் வந்த குல்ஷன்தான், தாளில் கீழே சிறிய எழுத்தில் இருந்த அந்த நீண்ட பெயரை, டிரம் முன்னால் நின்றபோது மனதில் பதித்திருந்தபடியே, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பெயர் தெரிந்தது, மாற்று மருந்து தெரிந்தது. நான்காம் நாள் பிள்ளை பிழைத்தாள். அதோ, மூன்றாம் வரிசையில் இருவரும் தோளோடு தோள்!

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன்: "படிச்ச உடனே உள்ளே ஓடி வந்து ஏம்மா சொல்லலை?"

"கவருல கீறதப் படிச்சா திட்டுவீங்களே டீச்சர். பயந்துகினு நின்னுட்டேன்."

அரைமணி நேரம்! ஒரு குழந்தையின் வயிற்றில் விஷம் ஊறிய அந்த அரைமணி நேரமும் இன்னொரு குழந்தையின் வாயை அடைத்து நின்றது எது? என் பிரம்பின் பயம்! ஆகவே சொல்கிறேன்: இந்த அறையில் பிரம்பு இல்லை. பரீட்சை இல்லை. படக்கதை இருக்கிறது, பிஸ்கட் கவர் இருக்கிறது, தீப்பெட்டிப் படம் இருக்கிறது. பிடித்ததை எடுக்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் போடட்டும். தப்பாக வாசிக்கட்டும், வாய்விட்டுச் சிரிக்கட்டும், பொருள் கேட்டு நம் உயிரை எடுக்கட்டும்! சிரித்து வாசித்த பிள்ளைக்குத்தான் எழுத்து எங்கே இருந்தாலும் கண்ணில் படுகிறது. பயத்தை நாம் வாங்கிக்கொள்வோம். வாசிப்பைப் பிள்ளைகளுக்கு விடுவோம்!

யாரம்மா எழுந்திருப்பது? வேம்புலியம்மாளா?

"எங்க ஊட்டுலயும் நீல டிரம்மு கீது டீச்சர். போன மாசந்தான் வாங்கினோம்."

கூட்டம் எழுகிறதே என்று தலைவர் ஐயா வருந்த வேண்டாம். எழட்டும்! எல்லோரும் எழட்டும்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம். ஆனால் வேம்புலியம்மா, தனியாகப் போகாதே. உன் மகளையும் கூட்டிக்கொண்டு போ. டிரம்முக்கு முன்னால் நிறுத்தி, தாளை வாசிக்கச் சொல். அவள் எவ்வளவு நேரம் திக்கினாலும், முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே.