பன்னிரண்டாவது முத்திரை

வெறும் வயிற்றில் பியர் ருசி பார்க்கக் கூடாது. நாங்கள் எழுதி வைத்திருந்த விதிகளில் அதுதான் முதலாவது. அன்றும் காலை எட்டு மணிக்கு முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். மெர்ல் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டான். அதை நான் அப்போதே கவனித்தேன். எதையும் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை நான், அதிகாரியம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நமக்குள் வீண் பேச்சு இருக்காது.

என் பெயர் லைல் ஹாகன், வயது அறுபத்தாறு. பெண்ட் நகரத்துப் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு வழித்தடம் போட்டுக் கொடுத்தவன். முப்பத்தொரு வருட வேலை. என் பேருந்து எதுவும் நாலு நிமிடத்துக்கு மேல் தாமதமானதில்லை. பனி கொட்டிய நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மெர்ல் ஓடகார்ட் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்க் குழாய் பழுது பார்த்தவன். யார் வீட்டுக்குப் போனாலும் சொன்ன நேரத்துக்குப் போகமாட்டான். ஆனாலும் ஊருக்கே அவன் செல்லப்பிள்ளை. அந்த ரகசியம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கிழக்கு ஓரிகனில் பன்னிரண்டு சின்ன பியர் ஆலைகள் சேர்ந்து ஒரு கையேடு போட்டிருக்கின்றன. ஒவ்வொரு ஆலையின் கடையிலும் ஒரு முத்திரை குத்துவார்கள். பன்னிரண்டையும் ஒரே அக்டோபரில் வாங்கிவிட்டால், கடைசிக் கடையில் உங்கள் பெயர் எழுதிய மண்குவளையைச் சுவரில் மாட்டுவார்கள். பிறகு எப்போது போனாலும் உங்களுக்கு அதில்தான் ஊற்றுவார்கள். அக்டோபரை விட்டால் கிடையாது. பியருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவைக் கொடியிலிருந்து பறித்த அன்றே போட்டுக் காய்ச்சுகிற பியர் அந்த ஒரு மாதம்தான் குழாயில் வரும்.

ஒன்பது வருடம் நான் அதற்குத் திட்டம் போட்டேன். ஜனவரியிலேயே சாப்பாட்டு மேசை மேல் வரைபடத்தை விரித்துவிடுவேன். எந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே மூடும், எங்கே சாப்பாடு கிடைக்கும், எந்த மலைப்பாதையில் மான் குறுக்கே வரும், எந்த பியரை முதலில் ருசித்தால் அடுத்ததன் ருசி கெடாது, மெர்லுக்கு எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒதுங்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். எட்டு முறை கிளம்பினோம். எட்டு முறையும் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஒரு வருடம் காட்டுத்தீப் புகை. அதை நான் மன்னித்துவிட்டேன், தீயைக் குற்றம் சொல்ல முடியாது. மற்ற ஏழும் மெர்ல்.

2018இல் ஆறாவது முத்திரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எண்பது மைல் திரும்பி ஓட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு வாயு என்றார், இரண்டு மாத்திரை கொடுத்தார். போன வருடம் பத்தாவது முத்திரையில் அவன் மனைவி கார்லீன் போன் செய்தாள். நாய் ஒரு காலுறையை விழுங்கிவிட்டதாம். ஒரு நாய்க்காகத் திரும்பினோம், அம்மா. நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த நாய் காலுறையைக் கக்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு நின்றது.

அதனால்தான் ஐந்தாவது விதி வந்தது. பயணத்தின்போது இரண்டு போனும் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. சாவி அன்று ஓட்டுகிறவனிடம். நாலாவது விதி பழையது, எல்லோரும் வைத்திருப்பதுதான்: ஒரு நாள் ஒருவன் ஓட்டுவான், அன்று அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது. ஐந்தாவதில் மெர்ல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது.

முதல் இரண்டு நாளில் ஏழு முத்திரை. இரண்டாம் நாள் சாயங்காலம் சாப்பிடும்போது அவன் சொன்னான்.

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன்டா லைல். மக அரிசோனாவுக்கு வரச் சொல்றா. கார்லீன் பெட்டி கட்டவே ஆரம்பிச்சுட்டா."

"எப்ப முடிவு பண்ணுன?"

"மே மாசம்."

"மே மாசமே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. இப்ப வச்சிருக்க பாரு, அதே மாதிரி." என் தோளைத் தட்டினான். "இந்தத் தடவ முடிச்சுட்டுத்தான் போவேன். உன் குவளை மேல சத்தியம்."

ஐந்து மாதம் அவன் அதை மனதில் வைத்துக்கொண்டே என்னோடு உட்கார்ந்து வரைபடம் பார்த்திருக்கிறான். ஆனால் சத்தியம் செய்தான். அதை நான் நம்பினேன்.

மூன்றாம் நாள் ஓட்டும் முறை என்னுடையது. பதினொரு மணிக்கு மிட்செல் ஊரில் எட்டாவது கடை. மரப்பலகையில் நாலு சின்னக் கண்ணாடிக் குவளைகள் வந்தன. மெர்ல் இரண்டு வாய் குடித்துவிட்டுப் பலகையைத் தள்ளி வைத்தான். அக்டோபர் குளிரில் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

"என்னடா, புது ஹாப்ஸ் பிடிக்கலையா?" என்றேன்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு. தாடை வலிக்குதுடா."

"பல்லா?"

"பல்லுன்னா எனக்குத் தெரியாதா? இடது கை வேற கனக்குது. வண்டியத் திருப்புடா, ப்ரைன்வில் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"ஜான் டே ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்கு. நாம போற வழிதான்."

"எது கிட்ட?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. ப்ரைன்வில் நாற்பத்தெட்டு மைல், ஜான் டே அறுபத்தொன்பது. என் வாழ்க்கையில் மைல் கணக்கில் நான் பொய் சொன்னது அந்த ஒரு முறைதான். அது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வழியில் அவன் போனைக் கேட்டான்.

"கார்லீன்கிட்ட ஒரு வார்த்த பேசிக்கிறேன்டா."

"விதி அஞ்சு."

"டேய்."

"நீ கையெழுத்துப் போட்டதுதான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "நான் செத்தாலும் நீ திருந்த மாட்ட" என்றான். அவன் முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது. அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். புலி வருது புலி வருது என்று ஏழு வருடம் கேட்டவன் நான். எட்டாவது முறை எப்படி எழுந்து ஓடுவேன், சொல்லுங்கள்.

ஜான் டேயில் பியர் கடை ஊருக்குள் நுழைந்ததுமே வரும், ஆஸ்பத்திரி அதைத் தாண்டி. ஐந்து நிமிடத்தில் முத்திரை, அப்புறம் ஆஸ்பத்திரி. அதுதான் என் எண்ணமாக இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். காரைக் கடையின் ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரப் பெண் இரண்டு கையேட்டையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேரும் வந்தாத்தான் சார் ரெண்டு முத்திரை."

"அவன் வண்டில இருக்கான்."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அதோ சாஞ்சுக்கிட்டு இருக்காரே, அவரா? சாப்பாட்டு நேரத்துக்குள்ளயே மட்டையாயிட்டாரா?"

"கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு."

"உங்கள மாதிரி ஒரு ஃப்ரெண்டு கெடைக்க அவர் குடுத்து வச்சிருக்கணும் சார்." இரண்டிலும் முத்திரை குத்தினாள். ஓட்டுகிறவனுக்கு எல்லாக் கடையிலும் ரூட் பியர் இலவசம். பேரில்தான் பியர், உள்ளே வெறும் இனிப்பு சோடா. பெரிய குவளை நிறைய ஊற்றி வைத்தாள். கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை. அதோடு மதியச் சாப்பாடு திட்டப்படி அங்கேதான். பதினேழு நிமிடம் ஆயிற்று. மெர்லுக்கும் ஒரு பர்கர் கட்டி வாங்கினேன்.

திரும்பி வந்தபோது அவன் தலை கதவுக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அவன் தொப்பியை இழுத்துக் கண் மேல் விட்டேன். தொப்பியைப் பற்றித்தான் நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். வெயில் அந்தப் பக்கமாக அடித்தது. கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரியின் நீலப் பலகை வந்தது. அம்புக்குறி திருப்பத்தைக் காட்டியது. எங்கள் வழி நேராக. ஏற்கெனவே பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

பேக்கர் சிட்டியில் இரண்டு கடை, லா கிராண்டில் ஒன்று. எல்லா இடத்திலும் ஜன்னல் எதிரே நிறுத்தினேன். எல்லா இடத்திலும் அவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்கு ரூட் பியர் கொடுத்தார்கள். ஒருவன் மெர்லைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, "பாரேன், மதிக்கவே மாட்டேங்குறாரு" என்றான். குடித்து மயங்கியவனை எங்கள் பக்கம் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஓட்டுகிறவனைத்தான் பாராட்டுவார்கள். நேர்மையாகச் சொன்னால், அந்த ஒரு நாளில் கேட்ட அளவு நல்ல வார்த்தை முப்பத்தொரு வருடத்தில் நான் கேட்டதில்லை.

லா கிராண்டில் மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டாவது முத்திரை விழுந்தது. குவளைகளில் எங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். பிறகு என்னுடையதை எடுத்து நிறைய ஊற்றிக் கொடுத்தார்கள். நான் தொடவில்லை. அன்று ஓட்டும் முறை என்னுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அன்று முழுக்க நான் தெளிவாகத்தான் இருந்தேன். ஆறு இருபதுக்குப் பெட்டியைத் திறந்து, அவசர உதவிக்கு போன் செய்தேன். மெர்லின் போனில் கார்லீன் நாலு முறை கூப்பிட்டிருந்தாள். அரிசோனா வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று கேட்கத்தானாம்.

அளவுக்கு மீறிக் குடித்துவிட்டான் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அவன் ரத்தத்தில் சாராயம் அநேகமாக இல்லை என்று தெரிந்ததும் திரும்பக் கூப்பிட்டீர்கள். சரிதான், நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். ஜான் டேயில் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். இருக்கலாம். 2018இல் வாயு என்று சொன்னவரும் டாக்டர்தான்.

மெர்ல் சத்தியம் செய்தான், நான் அதைக் காப்பாற்றிக் கொடுத்தேன். அவன் பெயர் அந்தச் சுவரில் இருக்கிறது. பாதியில் இறங்கிக்கொள்கிறவன் என்று இனி யாரும் அவனைச் சொல்ல முடியாது. கார்லீனும் ஒருநாள் இதைப் புரிந்துகொள்வாள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்டதில் ஒன்றுதான் பாக்கி. ஜான் டேயை விட்டுக் கிளம்பும்போது அவன் இறந்துவிட்டான் என்று நினைத்தேனா?

இல்லை. அவன் வாய் பக்கத்தில் கதவுக் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். படியும், மறையும், மறுபடி படியும். நாற்பது மைல் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அந்தப் பக்கத்துக் கண்ணாடி மங்கினால் பின்னால் வருகிற வண்டி சரியாகத் தெரியாது. என் ஓட்டுநர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதான். அந்தப் பக்கம் சூடான காற்றைத் திருப்பிவிட்டேன். ஆவி போய்விட்டது, அதன் பிறகு வரவில்லை. வழியில் தாமதத்தையெல்லாம் ஈடுகட்டி, பேக்கர் சிட்டிக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.