என் பெயரிலிருந்த கணக்கு

வங்கிகள் தமிழில் அனுப்பும் கடிதங்களில் ஒற்றுப்பிழை இல்லாத ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை, ஐயா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் இலக்கணம் கற்பித்தவன் ஆகையால், அவற்றைப் பிரித்தவுடன் என் கை தானாகவே சிவப்புப் பேனையைத் தேடும். கடனட்டை வந்த உறையிலும் அப்படித்தான். 'தங்களைப் போன்ற மதிப்புக்குறிய வாடிக்கையாளர்' என்று எழுதியிருந்தார்கள். 'மதிப்புக்குரிய' என்று திருத்திவிட்டு, அட்டையை எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் யாழ்ப்பாணத்தவன். கற்பிக்க வந்த ஊரில், போரின் காரணமாக அப்படியே தங்கிவிட்டவன். ஓய்வு பெற்ற பின்னரும் தெமோதரைக்கு மேலேயுள்ள அதே தோட்டத்தில், பாடசாலைக்கு அருகிலேயே வாடகைக்கு இருந்தேன். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகன் மதுரன் இலண்டனுக்குப் போயே தீருவேன் என்று நின்றான். முகவருக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி அந்த அட்டையின் மூலம் எடுத்ததுதான். அவன் போய்ச் சேர்ந்தான்; கடனைத் தானே கட்டுவதாகச் சொன்னான்; பிறகு தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டான். அவனை நான் குறை கூறவில்லை. வட்டி வளர்ந்தது. அதை வங்கியின் தலைவலி என்றே நான் கருதியிருந்தேன்.

சுதர்ஷினி என்னிடம் படித்தவள். கொழுந்து பறித்துப் பிழைக்க முடியாமல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இந்த மலைகளிலிருந்து அப்படிப் போகும் பெண்கள் கணவனுக்குக் காசு அனுப்பினால், திரும்பி வரும்போது வெற்றுப் போத்தல்களே எஞ்சியிருக்கும். ஆகையால் விவரமறிந்தவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நம்பிக்கையான ஆசிரியர் ஒருவருடைய கணக்குக்கோ கடை முதலாளி ஒருவருடைய கணக்குக்கோ காசை அனுப்புவார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லமாட்டார்கள். சுதர்ஷினி என்னைத் தெரிவு செய்தாள்.

"ஒங்க கணக்குக்குத்தான் சேர் அனுப்புவேன். எங்க வீட்டு ஆளுகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதீங்க. அது கையில பட்டுச்சின்னா சாராயத் தவறணைக்காரன்தான் மாடி வீடு கட்டுவான்" என்றாள்.

"நான் ஏன் பிள்ளை சொல்லப்போறன்? காசு பத்திரமா இருக்கும்" என்றேன்.

பத்திரமாகவே இருந்தது. அவள் அங்கிருந்த காலம் முழுவதும் அதில் ஒரு சதத்தையும் நான் தொடவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஓய்வூதியம் எடுப்பதற்காகப் பதுளையிலுள்ள வங்கிக்குப் போயிருந்தேன். கணக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். ஷுக்ரி என்னும் இளம் அலுவலர் என்னை உள்ளே அழைத்து, நாற்காலி தந்து, தேநீரும் வரவழைத்தார்.

"உங்கட கிரெடிட் காட்ல பாக்கி நிறைய ஈக்கிது சேர். அதால கணக்குல ஈந்த சல்லிய அதுக்குக் கழிச்சிட்டம்."

"அது என்ர காசில்லை, தம்பி. வேற ஒரு பிள்ளை உழைச்சுச் சேர்த்தது."

"கணக்கு யார்ட பேர்ல சேர்? அத மட்டும்தான் எங்களுக்குப் பாக்கேலும். காட் எடுக்கக்குள்ள நீங்க கையெழுத்து வெச்சிதானே ஈக்கிறீங்க." பிறகு கனிவோடு, "டீ ஆறுது, குடிங்க சேர்" என்றார்.

எதிரீடு செய்யும் உரிமை என்று அதற்குப் பெயராம். சட்டத்தில் இடமிருக்கிறதாம். திருடன்கூடச் சுவரேறிக் குதிக்கும் சிரமத்தை ஏற்கிறான், ஐயா. இவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஒரு பெண்ணின் இளமையை எடுத்துக்கொண்டு, எனக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு அச்சம் பிடித்தது. வயதானவர்களுக்கு வரும் மரண பயம் அன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலை நான் கடந்தால் பெரியவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், 'குவைத்துக் காச சேர் தின்னுட்டாரு' என்று ஒருத்தி சொன்னால் போதும். அதன் பிறகு யார் எழுந்து நிற்பார்கள்? மலைப்பாதையில் பஸ்ஸின் ஒலி கேட்டால், அவள்தான் வந்துவிட்டாளோ என்று கதவைத் தாழிடுவேன். யாராவது கதவைத் தட்டினால், தட்டியவர் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நிற்பேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் கடனட்டையைச் சொல்ல வேண்டும். மகனைச் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்று வரும்.

அவள் திரும்பி வந்தாள். எனக்கொரு சட்டைத்துணி கொண்டுவந்தாள். ஹாலிஎல வீதியோரம் பத்துப் பேர்ச் காணியை ஜுனைதீன் முதலாளியிடம் பேசி முடித்து, கைக்காப்பை முற்பணமாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"சொந்தமா ஒரு கதவு வேணும் சேர். லயத்துல கதவுன்னு இருக்குறது ஒரு கதவா? அவரு குடிச்சிட்டு வந்தா உள்ளுக்குத் தாப்பாப் போட்டுக்குவேன். வெளியில நின்னு பாடிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்று சிரித்தாள்.

வங்கியின் கணினி பழுது என்றேன். பிறகு அலுவலர் விடுமுறையில் இருக்கிறார் என்றேன். பிறகு என் கையொப்பத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சரிபார்க்கிறார்கள் என்றேன். எல்லாவற்றையும் நம்பினாள். சந்தேகப்படுகிறவரைச் சமாளிக்கலாம், ஐயா. இப்படி நம்புகிறவருக்கு முன்னால் நிற்பதுதான் பயங்கரம்.

ஒரு நாள் காலையில் வெளிக்கிட்டு வந்து நின்றாள்.

"நாளைக்குக் காணிய எழுதலன்னா ஜுனைதீன் முதலாளி வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். இன்னைக்கி நானும் வாறேன் சேர். மெசினு பழுதுன்னா நானே கொறடு கொண்டாந்து திருத்திக் குடுக்குறேன். வாங்க, வாங்க."

தோட்டத்திலிருந்து தெமோதரைக்கு நாங்கள் தண்டவாளத்தின் வழியாகவே நடப்போம். வீதியால் போனால் மலையைச் சுற்ற வேண்டும். இடையில் ஒரு சுரங்கம் வரும். பதுளையிலிருந்து ஏறிவரும் காலை இரயில் எப்போது அதைக் கடக்கும் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். புறப்படுமுன் தேநீர் குடிப்போம் என்று நான் சொன்னது உண்மை. அதனால் சற்றுத் தாமதமானதும் உண்மை. தேநீர் அருந்துவது குற்றமன்று.

சுரங்கத்துக்குள் மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் முன்வாயிலின் வெளிச்சமும் இல்லை, பின்வாயிலின் வெளிச்சமும் இல்லை. அவளிடம் சிறிய டோர்ச் ஒன்று இருந்தது.

"என்னங்க சேர் இப்பிடி நடுங்குறீங்க? பயமா? எங் கையப் புடிச்சிக்கங்க."

பிடித்துக்கொண்டேன்.

"காசெல்லாம் இருக்குல்ல சேர்?"

"இருக்கு, பிள்ளை."

அப்போது இரயில் கூவியது. பாதை திருத்துவோர் ஒதுங்குவதற்காகச் சுரங்கச் சுவரில் ஆங்காங்கே மாடங்கள் குடைந்திருப்பார்கள். சுதர்ஷினி டோர்ச்சை அடித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். "மொதல்ல நீங்க உள்ள போங்க சேர்" என்று என் முதுகில் கைவைத்து என்னை உள்ளே செலுத்தினாள். பிறகு அவள் உள்ளே வந்தாள்.

நான் இரு கைகளையும் நீட்டினேன். மடக்காமல் நீட்டினேன். அவள் விளையாட்டென்று முதலில் நினைத்திருக்க வேண்டும். "சேர்" என்றாள், வகுப்பில் விடை தெரியாதபோது சொல்வதைப் போல. இரயில் முழுவதும் கடந்து போகும்வரை கைகளை நான் மடக்கவில்லை. அது மிக நீண்ட இரயில், ஐயா.

கால் தவறிவிட்டாள் என்று மரண விசாரணையில் சொன்னேன். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. அவள் கணவன் ரஜீவ் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கைக்காப்பை ஜுனைதீன் அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அது எங்கே போயிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இழவு வீட்டில் நான் ஆற்றிய உரையைப் பலரும் பாராட்டினார்கள்.

அச்சம் தீருமென்று நினைத்திருந்தேன். தீரவில்லை. காலை இரயில் கூவும்போது, எங்கிருந்தாலும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுவிடுகிறேன். சென்ற வாரம் கடைத்தெருவில் அப்படி நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். அதனால்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

எதையும் நான் மறைக்கவில்லை. பின்னொரு நாள் அந்த மாடத்திற்குப் போய் நின்று பார்த்தேன். இருவருக்குத் தாராளமாகப் போதும். மூன்றாவது ஆளும் சற்று ஒடுங்கி நிற்கலாம். அவளை வெளியே தள்ளியவை என் கைகளே. ஆனால் முப்பது ஆண்டுகள் வெண்கட்டி பிடித்த கைகளை அந்த இருட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் யார்? அவர்கள் பதுளையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எப்போது கைது செய்யப்போகிறீர்கள்? சுதர்ஷினியைக் கொன்றதற்காக அவர்கள்மீது வழக்குத் தொடுக்கும் நாளில், கண்ணால் கண்ட சாட்சியாக நான் நீதிமன்றத்துக்கு வருவேன், ஐயா.