மூணு நிமிசம் பொறுக்கச் சொல்லும் ஏசி

மத்தியானம் ரெண்டு மணி பத்து நிமிசம். பதினோராவது போனு. பேரு பஞ்சநதம். ஒங்க ஆபீஸ்ல போன் எடுக்குற பொண்ணு இந்த மூணையும் நல்லா எழுதிக்கிட்டுது தம்பி. என்ன கம்ப்ளெய்ன்ட்டுன்னு மட்டும் எழுதிக்கல. "சார், அது கம்ப்ளெய்ன்ட்டே இல்ல சார்"ங்குது! மே மாசம், வலங்கைமான் வெயிலு, ஏசியிலேர்ந்து அனலா வருது... அது கம்ப்ளெய்ன்ட் இல்லியாம். சரி, நாந்தான் பொழுது போவாம போன் பண்ணிக்கிட்டுருக்கேன்னு வச்சுக்குங்க.

உக்காருங்க. நௌஷாத்துன்னு சொன்னாங்க... நீங்கதானே? கும்பகோணத்துலேர்ந்து பைக்குலயேவா வந்தீங்க, இந்த வெயில்ல? மொதல்ல தண்ணி குடிங்க. இப்ப நல்லாத்தான் ஓடிக்கிட்டுருக்கு. மெக்கானிக் வந்தா ஓடும், போனா நிக்கும். மாமியார் வந்தா மட்டும் அடுப்படிக்குப் போற மருமவ மாதிரி.

என்ன பண்ணுது கேளுங்க. நல்லா ஜில்லுன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். திடீர்னு நின்னுடும். அப்பறம் உசுரு வந்து, மூஞ்சில ரெண்டு எழுத்து மின்னும். டி, எல். டி, எல். காத்து வரும், குளுமை வராது. பொஸ்தகத்த எடுத்து எம்பொண்ண படிக்கச் சொன்னேன். "கம்ப்ரசர் தாமதம். மூன்று நிமிடம் காத்திருக்கவும். இது பழுதல்ல." பழுதில்லன்னா எதுக்கு எழுத்து? நல்லாருக்குற மனுசன் எவனாவது 'நான் நல்லாருக்கேன்'னு நெத்தில எழுதி ஒட்டிக்கிட்டா திரியிறான்?

என்னங்குறீங்க... நின்ன ஒடனே திரும்ப ஓடுனா கம்ப்ரசர் போயிடுமா? உள்ள காஸு அழுத்தம் அடங்கணுமா? அதுக்கு மூணு நிமிசமா... ம். எங்க வீட்டம்மாவுக்குக் கோவம் வந்தா அடங்க மூணு மாசம் ஆவுது. அதுக்கு இது தேவலதான்.

மெதுவா பேசுவோம் தம்பி. தொட்டில்ல கொழந்த தூங்குது. பொண்ணு வவுத்துப் பேத்தி, பொறந்து நாப்பத்தோரு நாளு. இந்த ஏசியே அதுக்காவத்தான் ஏப்ரல்ல வாங்கிப் போட்டது. மாப்ள ராஜசேகர் வீட்டுல, அம்பத்தூர்ல, ரூமுக்கு ரூம் ஏசி. செருப்பு வுடுற எடத்துல மட்டுந்தான் இல்ல. கொழந்தைக்கு முதுகு பூரா வேர்க்குரு. நேத்து போட்டோ எடுத்து அனுப்பிருக்கு எம்பொண்ணு பிரதீபா. அதப் பாத்துட்டு மாப்ள என்ன சொல்லிருக்காரு? "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு, இல்லன்னா கார் அனுப்புறேன்." கார் அனுப்புறாராம்! தலப்பிரசவத்துக்கு வந்த பொண்ணு மூணு மாசமாவது இருக்க வேணாமா? நாப்பத்தஞ்சு நாள்ல அனுப்புனா ஊர்ல என்ன கேப்பான்? 'ஏன் பஞ்சநதம், சோறு போட முடியலியா'ம்பான். ஏசி போட முடியலன்னா சொல்ல முடியும்?

அட இருங்க, போனு... ஆங், ஒன்னுமில்ல. மோட்டார்லேர்ந்து வருது. வயல்ல போர் மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டரு மாட்டிருக்கேன். ஒரு பொம்பள கொரலு, "மோட்டார் நின்றுவிட்டது, இயக்க ஒன்றை அழுத்தவும்"னு மரியாதையா சொல்லும். இந்த வீட்டுல என்னய மரியாதையா கூப்புடுறது அது ஒன்னுதான். ஒன்ன அமுத்துனா ஓடிடும். அமுத்தியாச்சு.

பாருங்க! பாருங்க பாருங்க! ஃபேனு கொறையிது பாருங்க! நின்னுடுச்சா? ஸ்டெபிலைசர் 'டொக்'குங்குது கேட்டுச்சா? இதத்தான் ஏப்ரல்லேர்ந்து கத்துறேன்! இப்ப வரும் பாருங்க அந்த ரெண்டெழுத்து... வந்துட்டுதா? டி, எல். கண்ணால பாத்தீங்கள்ல? ஒங்க ஆபீஸ் பொண்ணுட்ட சொல்லுங்க, பஞ்சநதம் பொய் சொல்லலன்னு.

இருங்க, நான் சரி பண்றேன்... ஏன் தம்பி கையப் புடிக்கிறீங்க? அந்த சுவிட்ச்ச மேலயும் கீழயும் தட்டுனாத்தானே கெளம்பும்? எப்பவும் அதான் பண்றது. மோட்டாரு எடுக்கலன்னா என்ன செய்வோம், அமத்திட்டுத் திரும்பப் போட மாட்டோம்? அது மாதிரிதான். இருவது எண்ணுவேன், குளுமை வரலியா, டப்புன்னு அமத்தி டப்புன்னு போடுவேன். திரும்ப டி எல். திரும்ப இருவது எண்ணுவேன்...

என்னது? ஒவ்வொரு தடவ தட்டுறப்பவும் அந்த மூணு நிமிசம் மொதல்லேர்ந்து ஆரம்பிக்குதா? அப்ப நேத்து அரமணி நேரம் கொழந்த கத்துச்சே... அது பூரா... சரி வுடுங்க. பொஸ்தகத்துல தட்டாதன்னு எழுதல. காத்திருன்னுதானே எழுதிருக்கான். கொள்முதல் நெலையத்துல நெல்லு மூட்டையோட பதினாறு நாளு ரோட்டுல படுத்துருந்தவன் தம்பி நானு. எனக்கா காத்திருக்கத் தெரியாது?

ஆனா நின்னதுக்கு நான் காரணம் இல்லியே? நின்னப்பறந்தானே தட்டுறேன்? அத சொல்லுங்க. ஊர்ல எவனோ மாவு மிஷின் வச்சு கரண்ட்ட இழுக்குறான். காத்தான்தான். கெழக்கால வீடு. அவனுக்கு நான் ஏசி போட்டதுலேர்ந்தே வவுத்தெரிச்சல். நேத்து போயி வாசல்ல நின்னு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் வந்தேன். அவன் என்னாங்குறான் தெரியுமா, "அண்ணே, மிஷின் ரிப்பேராயி ஒரு மாசமாச்சுண்ணே"ங்குறான். நடிப்பு!

ஆஹா... வந்துட்டுது தம்பி. ஜில்லுன்னு வருது. நான் கைய வைக்கவே இல்ல, தானா வந்துட்டுது! மூணு நிமிசந்தானா? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பாருங்க, கொழந்த சிணுங்கல் கூட நின்னுடுச்சு. மங்களம்! தம்பிக்கு ஒரு காபி போடு! நல்லா டிகாசன் ஊத்திப் போடு!

மறுபடியும் மோட்டாரு. போர்ல தண்ணி கம்மி. கொஞ்ச நேரம் ஓடும், தண்ணி எறங்குனா தானா நின்னுடும், போன் வரும். ஏப்ரல்ல உளுந்துக்கு, இப்ப நாத்துக்கு, நாளுக்கு முப்பது தடவ அமுத்துவேன். எங்க இருந்தாலும் அமுத்தலாம், டீக்கடையிலேர்ந்து கூட. ஒன்னு... அமுத்தியாச்...

ஃபேனு... திரும்பக் கொறையிது.

என் மூஞ்சில என்ன இருக்கு தம்பி? ஏன் போனயே பாக்குறீங்க?

இருங்க. அவசரப்படாதீங்க. மோட்டாரு வயல்ல இருக்கு. ஏசி வீட்டுல இருக்கு. அதுக்கும் இதுக்கும்... ஆமா. ஒரே டிரான்ஸ்ஃபார்மருதான். ஆமா, ஏழர எச்பி. கெளம்புறப்ப இழுக்கும், வோல்டேஜ் எறங்கும், தெரியும்... நானே காத்தான்ட்ட நேத்து அதத்தானே சொன்னேன்.

அப்ப ஏப்ரல்லேர்ந்து நாந்தானா?

நிப்பாட்டுறதா? என்ன தம்பி நீங்க, சுளுவா சொல்றீங்க! குறுவைக்கு நாத்து வுட்டு பதினோரு நாளாச்சு. ஆத்துல தண்ணி தொறந்து எங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள நாத்தங்காலு பாளம் பாளமா வெடிச்சுடும். ராத்திரி ஓட்டலாமா? ராத்திரிதான் கொழந்த கொஞ்சமாவது தூங்குறதே. வேர்க்குரு பவுடர் போட்டா போவும். நாத்துக்கு என்ன பவுடர் போடுறது?

கிட்ட வாங்க. ஒரு ஒதவி. மோட்டாரு கதைய உள்ள சொல்லிடாதீங்க. சென்னையிலேர்ந்து ஒரு சாமான் வரணும், பத்து நாளாவும்னு சொல்லுங்க. ஏதாவது கார்டுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எம்பொண்ணு நம்பும். பத்து நாள்ல நாத்து தேறிடும், அப்பறம் நான் மோட்டாரையே தொட மாட்டேன். காத்தான்ட்ட வேணும்னா நான் பேசிக்கிறேன்... ஏன் தம்பி பைய எடுக்குறீங்க? எனக்குப் பின்னால யாரப் பாக்குறீங்க?

மங்களம்... நீ எப்ப வந்த?

இல்ல, காபி ஆறுதேன்னு கேட்டேன். எதுலேர்ந்து கேட்டுக்கிட்டு நிக்கிற... நாத்துக்கு பவுடர்லேர்ந்தா? கொஞ்சம் பொறு, பிரதீபாவ கூப்புடாத. நான் சொல்றேன், தம்பியே சொல்லுவாரு. சொல்லுங்க தம்பி... தம்பி?

காபி கூட குடிக்காம வண்டிய எடுத்துட்டாரு பாரு.

2025 மே 30, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பிரதீபா குழந்தையுடன் சென்னைக்குக் கிளம்பினாள். நாற்றங்காலுக்கு அன்றும் தண்ணீர் பாய்ந்தது.