நடக்கச் சொன்ன டாக்டருக்கு

பெரம்பலூர் தண்ணிழல் ஆயுர்வேத மருத்துவமனையின் தலைமை மருத்துவர், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து மனத்தையும் படித்தறிந்த மாண்பாளர், டாக்டர் வெற்றிச்செல்வி அவர்களுக்கு, அவர்தம் பணிநிறைவு நாளில் உடன் பணியாற்றியோர் உள்ளம் கனத்து வாசித்தளிக்கும் மடல்.

அன்பின் அம்மையீர்!

தியானம் என்றாலே சம்மணமிட்டுக் கண்ணை மூடுவதுதான் என்று நம்பியிருந்த எங்களுக்கு, உடம்புக்கு உடம்பு அமைதியின் வழி வேறு என்று உணர்த்தியவர் தாங்கள்! பாடாலூர் நெடுஞ்சாலையில் நாளெல்லாம் பரோட்டாக் கல்லின் முன் வெந்து, வருவோர் போவோரிடமெல்லாம் எரிந்துவிழுந்த ராசாங்கத்தைப் பித்த உடம்பென்று கண்டீர்கள். வெயில் தாழ்ந்தபின் தொட்டி நீரைப் பார்த்தபடி மூச்சை நீட்டி விடச் சொன்னீர்கள். உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி சாமிதுரை கண்ணை மூடிய கையோடு குறட்டை விட்டு அறையையே கலகலக்க வைத்தபோது, கபம் என்று சிரித்து, விடியலில் நடந்துகொண்டே மந்திரம் சொல்ல வைத்தீர்கள். அலைபாயும் வாத உடம்புக்காரர்களுக்கோ உள்ளங்காலில் வெதுவெதுப்பாய் நல்லெண்ணெய், மடியில் கனத்த கம்பளி, முதுகுக்குச் சுவர்.

தங்கள் கணிப்பு தப்பியதே இல்லை என்றுதான் முதலில் எழுதியிருந்தோம். அந்த வரியை அடிக்கச் சொன்னவர் தாங்களே. "புஷ்பவல்லி விஷயத்த எழுதாம மடல் குடுத்தீங்கன்னா நான் வாங்கிக்க மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தீர்கள். ஆகவே அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறோம்.

நம் தியான அறையின் உதவியாளர் புஷ்பவல்லி வேலைக்கு வந்த புதிதில் கல் போல இருந்தார். கூப்பிட்டால் மெல்லத் திரும்புவார். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். நாடி பார்த்தீர்கள், மந்தமாக ஓடியது. கபம் என்று சொல்லி முற்றத்து வேம்பைச் சுற்றி நடக்க வைத்தீர்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தார், தூறலிலும் நடந்தார். மரத்தைச் சுற்றிப் புல் முளைக்காத தடமே விழுந்துவிட்டது. நடக்க நடக்க அவருக்குள் ஏதோ கிளர்ந்தது. வீட்டுக்குப் போனாலும் கால் ஓயவில்லை. டாக்டரம்மா சொன்ன வைத்தியம் பலிக்கவில்லை என்றால் குறை தன் உடம்பில்தான் என்று அந்தப் பாவி மனுஷி நம்பிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் மூட்டுவலிக்கு வந்த அவருடைய அக்கா இருசம்மாள்தான் போகிறபோக்கில் போட்டு உடைத்தார். "இவளா டாக்டரம்மா மந்தம்? ஒரு எடத்துல நிக்க மாட்டா, வாய் ஓயாது. பாடாலூர் ரோட்டுல லாரி மோதி இவ வூட்டுக்காரரு போனப்புறந்தான் இப்புடி உறைஞ்சு போயிட்டா. அந்தச் சோகத்தோடதான் இங்க வேலைக்கே வந்தா."

இருசம்மாளின் முழங்காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து புஷ்பவல்லியிடம் வந்தீர்கள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலங்களே டாக்டர்."

துக்கத்தைக் கபமென்று எண்ணி, ஓய வேண்டிய வாத உடம்பை ஓயாமல் நடக்கவிட்டேனே என்று எங்கள் எதிரிலேயே கண்கலங்கினீர்கள். கற்ற மருத்துவம் பொய்க்கவில்லை அம்மா. கேட்க வேண்டிய ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. தினமும் அவரோடு டீ குடித்த நாங்கள் மட்டும் கேட்டோமா என்ன! எங்களுக்கும் அது நெஞ்சில் முள்ளாய்த்தான் இருக்கிறது.

அன்றே எண்ணெயைத் தாங்களே சூடாக்கி அவர் காலில் தேய்த்தீர்கள். கம்பளியை மடியில் போட்டுச் சுவரோரம் உட்கார வைத்தீர்கள். ஆனால் கண்ணை மூடினால் லாரி ஹாரன் கேட்கிறதென்று அவர் எழுந்துவிடுகிறார். "நாளைக்குப் பாக்கலாம் டாக்டர்" என்பார். தாங்களும் சரி என்பீர்கள். அந்த நாளைகளும் இன்றோடு தீர்ந்துவிட்டன. அவர் ஒருமுறையாவது நிம்மதியாக உட்கார்ந்ததைப் பார்க்காமல் போகிறோமே என்பதே தங்களுக்குப் பெருங்குறை என்பதை அறிவோம்.

வாட்டம் தீர்த்த வள்ளலே! வாலிகண்டபுரத்துத் தங்கள் இல்லத்தில் வலியின்றி, வாட்டமின்றி, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்க! ஊருக்கெல்லாம் அமைதி வகுத்துக் கொடுத்துவிட்டு தியான அறை வாசலிலேயே நின்ற தங்கள் கால்கள் இனியேனும் இளைப்பாறுக!

மடல் ஏன் இத்தனை நீளம் என்று அவையோர் நெளிவது தெரிகிறது. காரணம் உண்டு. நேற்று மாலை புஷ்பவல்லி எங்களிடம் சொன்னார்: "மடல் படிக்கிறப்ப நான் கண்ண மூடி உக்காந்துக்கறேன். நீங்க முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். கொஞ்சம் மெதுவா படிங்க."

வலப்பக்கச் சுவரோரம் திரும்பிப் பாருங்கள், டாக்டர்.

மடல் நிறைந்தது. யாரும் கைதட்ட வேண்டாம். அவராகக் கண் திறக்கட்டும்.

பிரிய மனமின்றி,
தண்ணிழல் மருத்துவமனை ஊழியர்கள்,
பெரம்பலூர்.