பக்கவாட்டில் திறக்கிற ஜட்டி

— என் பொண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க உங்களுக்கு என்ன கஷ்டம் நர்ஸம்மா?

— அக்கா, வயசுப் பொண்ணு. ஒரு கோளாறும் இல்லாத கர்ப்பப்பை. மாசாமாசம் வருது, அவ்வளவுதானே.

— உங்களுக்கு அவ்வளவுதான். எனக்கு? அவளுக்குக் கால் ரெண்டும் வராது, ஒரு கையும் மடங்கிப்போச்சு. தூக்கணும், கழுவணும், துணி மாத்தணும். செங்கல் சுமந்து சுமந்து விட்டுப்போன முதுகு இது. அந்த நாலு நாளும் நான் வீட்டுல நின்னுடுறேன். அடுத்த மாசமும் நின்னா சூளைப் பக்கமே வராதேன்னுட்டான் மேஸ்திரி.

— மத்த நாள்ல குட்டியை யாரு பார்த்துக்கிறா?

— யாரு இருக்கா? சோறு, தண்ணி எல்லாம் கைக்கெட்டுற மாதிரி வெச்சுட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிடுவேன். இருட்டினப்புறம்தான் வர்றேன். வந்ததும் கட்டையைச் சாய்ச்சாப் போதும்னு ஆயிடுது. பேசக்கூடத் தெம்பு இருக்காது.

— போன தடவை பக்கவாட்டுல திறக்கிற ஜட்டி கொடுத்தேனே? படுத்தபடியே ஒரு கையால மாத்திக்கலாம். குட்டிக்கும் சொல்லிக் கொடுத்துட்டுத்தானே போனேன்?

— என்னத்தச் சொல்ல. சட்டைப் பொத்தானே நான்தான் போட்டு விடணும். அவளாவது, மாத்திக்கிறதாவது! அதோ தலைமாட்டுலதான் கிடக்கு. நான் தொடக்கூட இல்ல.

— எங்க, கொடுங்க... என்னக்கா இது? ஒட்டுற பட்டை பூரா பிசிறு பிசிறா இருக்கு. ஒட்டிப் பிரிச்சு, ஒட்டிப் பிரிச்சுத் தேஞ்சிருக்கு.

— நான் தொடலைங்கிறேன்ல!

— அப்போ யாரு? குட்டி, இங்க பாரு. நீயா?

— ம்.

— எப்போம்மா?

— அம்மா சூளைக்குப் போனதும் தினம் போட்டுக் கழட்டிப் பழகினேன். முதல்ல நழுவிக்கிட்டே போச்சு. இப்போ பஞ்சு வெச்சும் மாத்திக்க வருது.

— அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி போன வாரம் கட்டை மாதிரி கிடந்தே? நான் இடுப்பொடிய மாத்தி விட்டேனே! என் பொழைப்பே போகப் பார்க்குது. உன் வயித்தைக் கிழிக்கச் சொல்லி இவங்ககிட்ட கெஞ்சிட்டு இருக்கேன். எனக்கு மாத்திக்க வருதும்மான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?

— அக்கா, கொஞ்சம் பொறுங்க. அவளைப் பேச விடுங்க. சொல்லு குட்டி.

— சொன்னா, அந்த நாலு நாளும் நீ சூளைக்குப் போயிடுவியேம்மா.