நாளைய சிரமதானமும் ஒரு நீல வண்ணத்துப்பூச்சியும்

தண்டமிழ் தழைக்கத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் எங்கள் மன்றத் தலைவர் திரு. தியாகலிங்கம் அவர்களே! (வீட்டில் என் கணவரான இவரை இப்படி விளித்தால் காய்ச்சலா என்று கேட்பார்.) முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! மங்கரேயில் இரவு வேலை முடித்து உறங்காமல் வந்த தம்பிமாரே! தகனினியிலிருந்து மோட்டார்வே நெரிசலை நீந்திக் கிளென் ஈடனிலுள்ள இந்த மண்டபத்தில் கரைசேர்ந்த இளம் குடும்பங்களே! அனைவருக்கும் உஷாவின் அன்பு வணக்கம்.

நாளைக் காலை நம் மண்டபத்தின் பின்சரிவில் எல்லாரும் கூடிச் செய்யும் சிரமதானம். எல்லாப் புல்லையும் ஒரே நாளில் வெட்டி எறிவதாகச் செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவை மாற்றும்படி கேட்கத்தான் மேடை ஏறி நிற்கிறேன்.

எங்கள் மகள் கம்சாயினியைப் பலர் அறிவீர்கள். ஸ்பெயினின் வடகிழக்கில், கட்டலோனியாவின் மலையடிவாரத்தில், வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுப்பது அவள் தொழில்.

என்ன விக்னேஷ் தம்பி? "பட்டாம்பூச்சின்னு சொல்லுங்க மேடம்" என்கிறீர்களா? சரி. உங்கள் தமிழ்நாட்டுக்குப் பட்டாம்பூச்சி, எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வண்ணத்துப்பூச்சி. இரண்டும் ஒரே பூவில்தான் தேன் குடிக்கின்றன.

அந்தச் சின்ன நிலப்பரப்பில் இருநூறு வகை வரை உண்டாம்! மஞ்சளில் ஒன்று, மரப்பட்டை நிறத்தில் ஒன்று, மலையேறினால் மட்டும் காணக்கிடைக்கும் வெள்ளை ஒன்று. அவற்றுள் ஒரு நீலம், ஒரேகானோப் பூவில் முட்டையிடும். ஆம், பீட்சாவின் மேல் தூவுகிறோமே, அதே ஒரேகானோ! பூவைத் தின்று வளரும் புழுவை எறும்புகள் தம் பிள்ளை என்று எண்ணிப் புற்றுக்குத் தூக்கிப் போகும். மறு கோடையில் நீலச் சிறகோடு அது வெளியே வரும். அந்த நீலத்தைத்தான் தன் வாடகை வீட்டின் பின்னிருந்த புல்வெளியில் கம்சாயினி காத்திருந்து கண்டாள்.

அங்கே போனோம் நாங்கள். பிள்ளை வீட்டுக்குப் போன தமிழ்ப் பெற்றோர் சும்மா இருப்பார்களா? மெல்பேர்ன் போனால் குசினியைக் கழுவுகிறோம். லண்டன் போனால் கராஜை அடுக்குகிறோம். கட்டலோனியா மட்டும் என்ன பாவம் செய்தது?

மகள் வேறொரு மலைக்குக் கணக்கெடுக்கப் போன பகல். நான் உள்ளே சொதி வைத்துக்கொண்டிருந்தேன். நம் தலைவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கையசைத்தே புல்வெட்டும் இயந்திரத்தை இரவல் வாங்கிவிட்டார். மாலையில் மகள் வந்ததும் பெருமையாகச் சொன்னார்: "பிள்ளை, பின்பக்கம் ஒரே பற்றையாக் கிடந்தது. வடிவாத் துப்பரவாக்கிப் போட்டன்."

அவள் கத்தவில்லை. வெட்டிக் கிடந்த பூக்களின் நடுவே முழந்தாளிட்டு, ஒவ்வொரு காம்பாகத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதிலதான் முட்டையெல்லாம் இருந்தது" என்றாள். இவரோ இரவல் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

சிரிக்காதீர்கள், இனித்தான் சிரிக்க இருக்கிறது. வேலியோரம் ஒரு துண்டை இவர் வெட்டவில்லை. கருணையா? இல்லை. கல்வியா? அதுவும் இல்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது! அடுத்த கோடையில் மகள் அழைத்தாள். "அம்மா, அப்பா விட்ட மூலையில நீலம் பறக்குது. வெட்டின பக்கம் ஒண்டும் இல்லை." ஐரோப்பாவின் அழகொன்றை அன்று காத்தது என் கணவரின் இடுப்பு நோவு.

அப்படியென்றால் கத்தியையே தொடக்கூடாதா? அதையும் கேட்டேன். அவள் சொன்னாள்: "இல்லையம்மா. இஞ்ச கனபேர் ஆடுகளை வித்துப்போட்டு ரவுனுக்கு வேலைக்குப் போயிட்டினம். வெட்டவும் மேய்க்கவும் ஆளில்லாத வெளியெல்லாம் பற்றை மூடி, பூவும் போச்சு, பூச்சியும் போச்சு. வெட்டத்தான் வேணும். பாதியை இப்ப வெட்டி, மிச்சத்தைப் பிறகு வெட்டினால் போதும்."

சபையோரே, இப்போது நம் சரிவுக்கு வாருங்கள். தொட்டால் தடிக்கும் நெட்டில் செடி மேற்குப் பக்கம் அடர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்குத் தோல் அரித்துக் கடிக்கும் என்பதால் அதைத்தான் முதலில் வெட்டுவதாகத் திட்டம். நேற்று கையுறை போட்டு இலைகளைப் பிரித்துப் பார்த்தேன். சுருட்டிய இலைக்குள் கரும்புழுக்கள் இருக்கின்றன. இவை வளர்ந்தால், மாவோரி மக்கள் கஹுகுரா என்றழைக்கும் சிவப்பு வண்ணத்துப்பூச்சி! இந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் பிறக்காத பூச்சி! நமக்கு இடம் தந்த நாட்டின் குழந்தைகள் அவை. அவற்றின் தொட்டிலையா நாம் துப்பரவாக்கப் போகிறோம்? துப்பரவு என்ற பெயரிலா துடைத்தெறியப் போகிறோம்?

கிழக்குப் பக்கம் வெட்டுவோம். பிள்ளைகள் அங்கே ஓடட்டும். மேற்குப் பக்கம் ஒரு கயிறு கட்டி, புழுக்கள் சிறகு கட்டும்வரை விடுவோம். சம்மதிப்போர் கை உயர்த்துங்கள்.

அதோ, அன்னையர் வரிசை உயர்ந்துவிட்டது. தம்பிமாரும் உயர்த்திவிட்டார்கள். தலைவரே, எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

"மேற்குப் பக்கத்துக் கயிறை நானே கட்டுறன்" என்கிறார். அவரிடம் ஒலிவாங்கி இல்லாததால் பின்வரிசைக்காக நான் திருப்பிச் சொல்கிறேன்.

அன்று முழந்தாளிட்டிருந்த மகளிடம் இவர் இதுவரை வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டார். இன்றிரவே அவளை அழைத்து அதைச் சொல்வேன். கை உயர்த்திய உங்களுக்கும், கயிறு கட்டப்போகும் அவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.