ஜன்னலுக்கு வெளியே தேயிலை

பண்டாரவளையிலிருந்து பூனாகலை போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கத்தின் இரண்டு நாள் கூட்டத்துக்கு ஹோட்டல் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

“ஜன்னலத் தொறந்தா தேயிலை தெரியக்கூடாதுன்னு ஹோட்டல் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்க்கா. மனுசன் முழிக்கிறாரு” என்றாள் இளையவள்.

“ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?”

“தெனமும் அதுக்குள்ளதானே நிக்கிறோம். ரெண்டு நாளாச்சும் கண்ணுக்கு ரெஸ்ட் வேணாமா?”

மூத்தவர் தலையாட்டவில்லை.

“நம்ம பொம்பளைங்க வேற மாதிரில்ல கேட்டாங்க. நாற்காலியில உக்காந்து, யாராச்சும் டீ கொண்டாந்து குடுக்க, மலைய முழுசாப் பாக்கணுமாம். கொழுந்து எடுக்கையில நிமிந்து பாக்க எங்க நேரம் இருக்கு?”

இளையவள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

“மேனேஜர் ஐயா, காலையில வந்த மாதர் சங்கம் பேசுறோங்க. தேயிலை தெரியுற மலைப்பக்க ரூமே இருக்கட்டும். டீய மட்டும் நீங்களே கொண்டாந்து குடுத்துருங்க.”